உடைந்த படகும் ஒட்டிய அப்பாவும்



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாடா" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். காதல் கவிதைக்கு நம் கல்லூரியில் பஞ்சமே கிடையாது! அதனால் நான் உடைத்த ஒரு படகைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா ஃபைபர் படகு ஒட்டும் வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வம்சத்தில் "டிப்ளமோ" என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டு வந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். ஆப்பிரிக்காவில், நமீபியா நாட்டின் வால்விஸ் பே என்ற இடம். "செயில்ராக்கெட்" என்று ஒரு படகு. இன்ஜின் கிடையாது, காற்று மட்டும்தான். சாதாரணப் பாய்ப்படகில் காற்று வேகமாக அடித்தால் படகு சாயும். இதில் பாயை ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்த்து வைத்து, தண்ணீருக்குள் இருக்கும் தகட்டையும் சாய்த்து, இரண்டின் விசையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி செய்திருக்கிறார்கள். கவிழ்க்கும் திருப்புவிசை அங்கே அடிபட்டுப் போகிறது! பெர்னார்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1960களில் எழுதிய யோசனை இது. எங்கள் கரையில் பாய்மரப் போட்டியின்போது, பக்கவாட்டில் நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறிப் படகைச் சாயாமல் பிடிப்பார்கள். அதே கணக்குதான், ஆளுக்குப் பதில் ஜியாமெட்ரி.

நாமும் செய்து பார்த்தால் என்ன? விடுமுறையில் கூட்டாளிகள் இருவரோடு இறங்கிவிட்டேன். கரையில் கிடந்த பழைய பத்தடி ஃபைபர் ஓடம், குறுக்கே ஒரு ஜி.ஐ. பைப், பைப் நுனியில் மிதவை, அதன்மேல் சாய்த்து நட்ட தார்ப்பாய். பணம்? பருவக் கட்டணத்துக்கென்று அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி வைத்திருந்ததில் 2,400 ரூபாயைச் சொல்லாமல் எடுத்தேன். "ஜெயித்ததும் சொல்லிக்கலாம்" என்று மனதைத் தேற்றிக் கொண்டேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. கரையோரம் அலையே இல்லை. பாயை இழுத்துக் கட்டியதும் ஓடம் பறந்தது. பத்து எண்ணியிருக்க மாட்டோம்... "படார்!" பைப்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஃபைபரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. பாய்மரம் சரிந்து ஓடத்தின் விலாவில் ஒரு முழத்துக்குக் கிழித்துவிட்டது. நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர்.

சாயங்காலம் அப்பா வந்தார். அடிப்பார் என்று நின்றேன். அவர் குனிந்து போல்ட் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நட்டை இறுக்கினாப் போதுமா தம்பி? உள்ளே பட்டை வைக்க வேணாமா? இம்புட்டு ஓட்டையில அம்புட்டு பாரமும் இறங்குனா எப்பிடித் தாங்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "தகைவுச் செறிவு" என்று வகுப்பில் எழுதிப் பத்து மார்க் வாங்கிய கேள்வி அது! எழுதத் தெரிந்த எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே பணத்தையும் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு என்கூட வேலைக்கு வா. கூலி உண்டு" என்றார்.

மறுநாளிலிருந்து பகலில் ஊரார் படகு, சாயங்காலம் எங்கள் ஓடம். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி இரண்டு நாள் காய விட்டோம். ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது. கிழிசலைச் சுற்றி, "ரெண்டு விரல் அகலத்துக்குச் சரிவாத் தேய்" என்றார். பிற்பாடு நூலகத்தில் பார்த்தேன், கனத்தைப் போல் 12 மடங்கு சரிவு வேண்டுமாம். ஓடத்தின் கனம் 3 மி.மீ.; 12 மடங்கு 36 மி.மீ. ஸ்கேல் வைத்து அளந்தேன்... அப்பாவின் இரண்டு விரல்!

ரெசினில் முதலில் ஆக்சிலரேட்டர், நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். "ரெண்டையும் நேராச் சேர்த்தே, வெடிச்சிரும்" என்று டப்பாக்களையே தள்ளித் தள்ளி வைப்பார். மேட்டைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கடுக்காக ஒட்டி, ரோலரால் காற்றுக் குமிழை விரட்டினோம். காய்ந்ததும் உப்புத்தாள். கடைசியாக போல்ட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புப் பட்டை.

அந்த நாட்களில்தான் செயில்ராக்கெட்டின் மீதிக் கதையையும் படித்தேன். 2008 டிசம்பரில் அதன் முதல் படகு வேக ஓட்டத்தில் தண்ணீரை விட்டு எழும்பிப் பின்பக்கமாகக் கவிழ்ந்து சிதைந்தது. ஓட்டிய பால் லார்சன் உயிர் தப்பினார். அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பழுது பார்த்து 2009இல் மறுபடி தண்ணீரில் விட்டார்கள். கற்றதை வைத்து இரண்டாவது படகு கட்டினார்கள். 2012 நவம்பர் 24 அன்று 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 65.45 நாட் வேகத்தில் கடந்தார் லார்சன். மணிக்குச் சுமார் 121 கிலோமீட்டர்!

எங்கள் சாதனை? ஆடி மாதம் மறுபடி ஓட்டினோம். கைபேசியில் பார்த்தது 9 நாட். சிரிக்காதீர்கள் நண்பர்களே, பட்டை வைத்த இடம் அசையவே இல்லை! கரையில் நின்ற அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

2,400 ரூபாயையும் கூலியில் கழித்தாயிற்று.

கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில், நண்பர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று கையால் மறைத்துக்கொண்டு "கூலி" என்று எழுதினேன். இந்த வருடம் உதவித்தொகைப் படிவத்தில் யாரும் பார்க்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்:

"படகு பழுது பார்ப்பவர்."