பச்சை வயரும் பில் தொகையும்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பழைய கணினிகளின் கதி என்ன ஆகிறது என்று பார்க்கச் சென்னை ரிச்சி தெருவின் சர்வீஸ் பெஞ்சுகளுக்குப் போனேன். அங்கே என் கவனத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு சில்லறைக் கோளாறு. ஷட் டவுன் கொடுத்தால் திரை இருண்டுவிடும், விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கண்டுபிடிக்கும் அறிவுக்கு நாம் கூலி கொடுப்பதில்லை, மாற்றும் பாகத்துக்கே கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை கணினியின் சுவிட்ச் மின்சாரத்தையே துண்டித்தது. விண்டோஸ் 95 வேலையை முடித்துவிட்டு, இனி அணைக்கலாம் என்று திரையில் எழுதிக் காட்டும்; அணைப்பது நம் கை. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பில் அந்த அதிகாரம் மதர்போர்டுக்குப் போனது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிகள் அதை விண்டோஸ் போன்ற இயங்குதளங்களின் பொறுப்பாக்கின. விண்டோஸ் சிப்செட்டுக்குச் சொல்ல, போர்டு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்ல, அது மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எந்த இடத்தில் பேச்சு அறுந்தது என்பதைச் சொல்ல ஒரு மல்டிமீட்டர் போதும். 24 பின் கனெக்டரில் 16ஆவது பின், வழக்கமாகப் பச்சை வயர். கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையைப் பச்சையிலும் வைத்தால், ஓடும் கணினியில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். போர்டு பிடியை விட்டதும் 5 வோல்ட் பக்கம் ஏறும். ஷட் டவுனுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால், எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தகவலே வரவில்லை. ஏறிய பிறகும் விசிறி ஓடினால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் எந்த இரண்டு வயர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தகவல் வரவில்லை என்றால் தேடல் மென்பொருள் பக்கம் திரும்புகிறது. விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், கணினியை முழுதாக நிறுத்தாமல் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் உறங்கவைக்கிறது. ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுக்கும்போது மட்டும் ஒழுங்காக அணைந்தால் கோளாறு அந்த வழியில்தான். அது இல்லையென்றால் யுஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிறார்கள், சிப்செட் டிரைவரை மாற்றுகிறார்கள். பயாஸ் மெனுக்களுக்குள் நடக்கும் சல்லடை வேலை பார்ப்பவருக்கு அலுப்பு, விட்டுவிடுகிறேன். கவனிக்க வேண்டியது, இவற்றில் எதற்கும் ஒரு திருகாணிகூடப் புதிதாக வாங்க வேண்டாம். அதனால் பில்லில் எழுதவும் ஒன்றுமில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்து, வேலையைப் பெஞ்சுக்குத் தள்ளிவிடும் இடைத்தரகருக்குப் பாகம் விற்றால்தான் கமிஷன். மீட்டர் பிடித்தவரின் மூளையில் அவருக்குப் பங்கு இல்லை, ஆகவே அதற்கு விலையும் வைப்பதில்லை. 'போர்டு போச்சு சார்' என்ற வாக்கியம் எங்கிருந்து பிறக்கிறது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

பவர் பட்டனை நான்கு விநாடி அழுத்தினால் அணையப்போகிறது, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கலாம். விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகு அழுத்தினால் பாதகமில்லைதான். ஆனால் இருண்ட திரைக்குப் பின்னால் எழுத்து முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. பாதியில் அழுத்தினால் கோப்புகள் சிதையலாம். எஸ்எம்பிஎஸ் மலிவு, மாற்றிவிட்டால் போயிற்று என்பது இன்னொரு வாதம். பச்சை வயர் ஏறாத கணினியில் புது எஸ்எம்பிஎஸ்ஸும் பழையதைப் போலவே சுற்றிக்கொண்டிருக்கும். சோதனைக் கட்டணம் என்று சில கடைகள் தனியாக வாங்குவது நியாயமான வழி. ஆனால் பாகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துவிடுவதும் உண்டு. அப்போது கண்டுபிடித்தது மறுபடியும் இலவசம், மாற்றியதற்கு மட்டும் காசு.