தாளம் யார் கையில்?

ஜூஜுவாடியில் எந்த விளக்குக் கம்பமும் சும்மா நிற்பதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு 'ஆட்கள் தேவை' நோட்டீஸ். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பத்தாவது பெயில், எதுவானாலும் சரி. இந்தப் பக்கம் ஓசூர் சிப்காட், எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பையன் ஒருவன், போன மாதம் வேறு கலர் சட்டை போட்டிருந்தான். ''என்னப்பா, மாறிட்டியா?'' என்று டீக்கடையில் கேட்டேன். ''இங்க ஐந்நூறு ரூபா சேத்துத் தர்றாங்கண்ணா'' என்றான். அவ்வளவுதான் கதை. அவன் விட்டுவிட்டுப் போன மெஷின் அங்கேயே இருக்கும். நாலு நாளில் வேறொருவன் அதைப் பழகிக்கொள்வான்.

ஆள் மாறுவதெல்லாம் ஒரு விஷயமா என்று நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் சித்தி பொண்ணு ராஜினாமா செய்யும் வரை.

அவள் பரதநாட்டியத்தில் எம்.ஏ. இங்கிருந்து தினமும் பஸ் பிடித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கலைத் துறையில் பாடம் எடுக்கப் போவாள். அவளோடு சேர்ந்தவர்கள் ஐந்து பேர். இரண்டே வருடத்தில் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். ''உங்க டிபார்ட்மென்ட்ல மாணவர்களைவிட வாத்தியார்கள்தான் சீக்கிரம் பாஸ் ஆகிப் போறாங்க'' என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் ஒரு சோர்வு இருந்தது இப்போதுதான் புரிகிறது.

சண்டை ஆரம்பித்தது ஒரு மிருதங்க வாத்தியாரை வைத்து. அறுபது வயது. பட்டம் கிடையாது, ஆனால் அவர் வாசிக்க ஆரம்பித்தால் தூங்குகிற காலும் எழுந்து நிற்கும். மணிக்கு இவ்வளவு என்று சம்பளம். புதிதாக வந்த துறைத் தலைவர் அவருடைய வகுப்புகளைப் பாதியாகக் குறைத்தார். பட்டம் இல்லாதவர் மார்க் போடக் கூடாது என்றார். சாயங்கால ஒத்திகையெல்லாம் வேலை நேரத்தில் சேராது, ஆனால் காலையில் விரல் வைக்க ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் லீவு.

துறைத் தலைவரை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. ஆய்வுக் குழு வந்தால் ஃபைலைக் காட்ட வேண்டியவர் அவர். மிருதங்கத்தை ஃபைலில் வைக்க முடியாதே!

மீட்டிங்கில் என் தங்கச்சி எழுந்து பேசினாள். யு.ஜி.சி.யின் 2018 விதிகளே நிகழ்கலைத் துறைகளில் 'நெட்', பி.எச்டி. இல்லாத தேர்ந்த கலைஞர்களும் ஆசிரியராகலாம் என்று வழி விட்டிருக்கிறது. நல்ல குருவிடம் கற்றது, வானொலியில் 'ஏ' கிரேடு வாங்கியது மாதிரியான தகுதிகளையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கதவுக்கும் ஒரு சாவி உண்டு. குறைந்தது இளநிலைப் பட்டமாவது வேண்டும். வாத்தியாரிடம் அதுவும் இல்லை. ''அவரை நிரந்தரமாக்கச் சொல்லலை சார், வகுப்பைக் குறைக்காதீங்கன்னுதான் சொல்றேன்'' என்றிருக்கிறாள். கூட்டக் குறிப்பில் அது 'ஒத்துழைக்கவில்லை' என்று பதிவானது. அடுத்த வாரம் மெமோ.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ''உனக்கெதுக்கும்மா ஊர் வம்பு? ஒண்ணாம் தேதி சம்பளம் வருதுல்ல... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.'' பத்திரிகையில் நியாயம் எழுதிச் சம்பாதிக்கிறவன் வீட்டுக்குள் சொன்ன யோசனை இது. ''சரிண்ணா'' என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

வாத்தியார் தானாகவே நின்றுவிட்டார். அடுத்து இவள். மூன்று மாத நோட்டீஸ் பணத்தைக் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் என்றார்கள். கைக்கு வந்து சேர நாலு மாதம்.

நான் பி.காம். படித்தவன். கூட்டு வியாபாரத்தில் ஒரு கூட்டாளி விலகினால், கடையின் நற்பெயருக்கு ஒரு மதிப்புப் போட்டு, அவர் பங்கை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பதிவியலில் ஒரு பாடமே உண்டு. கலைத் துறையிலிருந்து விலகும் வாத்தியாருக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. மெஷின் கம்பெனியில் இருக்கும். ஆனால் வர்ணம் வாத்தியாரின் உடம்பில்தான் இருக்கிறது. அவர் போனால் அதுவும் பஸ் ஏறிப் போய்விடும்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். ''அப்படியே போயிடாதுண்ணா'' என்று கலாக்ஷேத்ரா கதையைச் சொன்னாள்.

ருக்மிணி தேவி 1936-ல் ஆரம்பித்த நிறுவனம். நடனம் கற்றுத்தரப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வந்தார். அவர் ஊர் திரும்பிய பின் அவர் மாப்பிள்ளை சொக்கலிங்கம் பிள்ளை. 1940-களில் அவரும் திடீரென்று விலகிப் போனார். நட்டுவாங்கம் செய்ய ஆள் இல்லை. அந்தக் காலத்தில் அது பரம்பரை நட்டுவனார்களின் கையில் மட்டும் இருந்த வேலை. ருக்மிணி தேவியும் மாணவிகளும் தாங்களே அதைச் செய்யத் துணிந்தார்கள்.

''ஓ... ஜால்ரா போடக் கத்துக்கிட்டாங்க'' என்றேன்.

''அது ஜால்ரா இல்லண்ணா, தாளம். ஜால்ரா போட்டவங்க எங்க டிபார்ட்மென்ட்ல இன்னும் இருக்காங்க.''

நான் வாயை மூடிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள். ''அந்தக் கதையில இன்னொரு பக்கமும் இருக்கு. நிறுவனம் பிழைச்சுது, சரி. தலைமுறை தலைமுறையா அந்த வித்தையைக் காப்பாத்தின குடும்பங்களுக்கு என்ன கிடைச்சுது? எங்க மிருதங்க வாத்தியாருக்குக் கிடைச்சதுதான்.''

டைகர் வரதாச்சாரியார் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா என்று மூன்று இடங்களில் பாட்டு சொல்லித் தந்தவர். அவரிடம் கற்ற எம்.டி.ராமநாதன் கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியரானார். குரு இடம் மாறினாலும் பாட்டு நின்றது, வாங்கிக்கொள்ள ஒரு சிஷ்யன் இருந்ததால்.

ஆனால் வாங்கிக்கொள்வது வேறு, வாயை மூடிக்கொள்வது வேறு. அதே கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச் கடைசியில் மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். பாலியல் தொல்லைப் புகார். ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். குரு சொன்னால் மறுபேச்சு இல்லை என்ற பழக்கம் உள்ள இடத்தில், ஒரு புகார் வாசல் வரை வருவதற்கே எத்தனை நாள் ஆகியிருக்கும்! கேள்வி கேட்க இடமில்லாத வீட்டில் மனிதர்களுக்கு மிச்சமிருப்பது இரண்டே வழி. ஒன்று மௌனம், இன்னொன்று வாசல்படி. என் தங்கச்சிக்கு நான் சொன்னது முதல் வழி. அவள் எடுத்தது இரண்டாவது. கேட்டுக்கொள்கிற காது ஒன்று அங்கே இருந்திருந்தால், இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

இப்போது அவள் ஜூஜுவாடியில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் வகுப்பு எடுக்கிறாள். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, நாலும் கேட்கும். பழைய சம்பளத்தில் பாதிகூட வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மிருதங்க வாத்தியார் பஸ்ஸில் வருகிறார். அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருட மாணவி ஒருத்தியும் பாதியில் நின்ற வர்ணத்தை முடிக்க வருகிறாள். ஃபீஸ் அங்கே, பாடம் இங்கே!

போன வாரம் பெங்களூர் போகும்போது, அத்திப்பள்ளியைத் தாண்டியதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்தேன். 'அட்மிஷன் நடைபெறுகிறது.' நடுவில் அரைமண்டியில் நிற்பது என் தங்கச்சி.

போன் போட்டுச் சொன்னேன். ''எடுக்கச் சொல்லி எழுதட்டுமா?''

''எழுதுங்கண்ணா'' என்றாள். ''இந்தத் தடவையாவது.''