கற்படுக்கையும் கயிற்றுக் கட்டிலும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில், ஊர்ச் சந்தடி ஓய்ந்த பின் கண்ணில் படுவன வானமும் பாறையுமே. வழியெங்கும் கரும்பாறைக் குன்றுகள் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் கிடக்கின்றன. பேராறு எதுவும் பாய்ந்து வளம் சேர்க்காத சீமை இது. மழை தரும் நீரை ஏரியிலும் குளத்திலும் கண்மாயிலும் தேக்கிவைத்தே இம்மக்கள் காலங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். குளத்தூர் என்னும் பெயரே அதற்குச் சான்று. வட்டத்தின் பெயர் குளத்தூர். வட்டாட்சியர் அலுவலகம் இருப்பதோ கீரனூரில். குளத்தூர்த் தொண்டைமான்கள் என்று தனி மரபினர் இங்கிருந்து ஆண்டதும், பதினெட்டாம் நூற்றாண்டில் இது புதுக்கோட்டையோடு சேர்ந்ததும், 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்ததும், 1974இல் தனி மாவட்டம் உருவானதும் வரலாறு.

நாம் அங்குச் சென்றது வரலாறு ஆராய்வதற்கன்று. பணி ஓய்வு பெற்ற அன்பர்கள் நால்வர், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, மூன்று நான்கு நாள் திறந்தவெளியில் கூடாரம் அடித்துத் தங்கி வருவதை வழக்கமாகக் கொண்டவர்கள். இளையவருக்கு வயது 61, மூத்தவருக்கு 72. சென்னையில் 1955இல் என்ஃபீல்டு நிறுவனமும், மைசூரில் 1961இல் ஜாவா தொழிற்சாலையும் தோன்றியபின் நம் சாலைகளில் உறுமத் தொடங்கிய அந்த வண்டிகளைப் பார்த்து ஏங்கி வளர்ந்த தலைமுறை இது. சம்பாதித்த காலத்தில் குடும்பப் பாரம் இருந்தது. இப்போதுதான் ஓய்வும் வண்டியும் ஒருசேர வாய்த்திருக்கின்றன. மாசி மாதத்தில் அவர்கள் புறப்பட்டபோது, பின்னிருக்கையில் ஓர் இடம் காலியாக இருந்ததால் நாமும் உடன் சென்றோம்.

கீரனூரில் தேநீர் அருந்தும்போது மூத்தவர் சொன்னார்: “வண்டி ஓட்டுறதுல ஒரு கஷ்டமும் இல்லை சாமி. ராத்திரி தரையில படுத்தா எந்திரிக்கத்தான் முடியலை. இதுதான் கடைசிப் பயணம்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன்.”

மற்ற மூவரும் மறுமொழி கூறவில்லை. அவர் கூறியது தம் கதையும்தான் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. வழியில் பஞ்சராகும் டயரையும் வெயிலையும் மழையையும் சமாளிக்கும் மனிதர்கள், படுக்கையின்பொருட்டு வீட்டில் முடங்குவது வருந்தத்தக்கது. அதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை.

முதுமையில் படுக்கை என்றால் மெத்தென்று இருக்கவேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். மென்மையைவிட உயரமே முதன்மையானது. நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்திலிருந்து எழ முழங்காலும் தொடையும் படும் பாடு சிறிது. தரையிலிருந்து எழப் படும் பாடு பெரிது. அறுபதைக் கடந்தவர் பலர் இரவில் இரண்டு முறையேனும் சிறுநீர் கழிக்க எழ நேரிடுகிறது. இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்பவர் படுத்த நிலையிலிருந்து சடக்கென்று நின்றால், அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றிக் கீழே விழக்கூடும். இருட்டில், கூடாரக் கயிறுகளுக்கும் கற்களுக்கும் நடுவே விழுவது இடுப்பெலும்பை முறித்துவிடப் போதுமானது. உயரமான படுக்கையாயின், காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பின் நிதானமாக எழலாம்.

அன்று பகலில் சித்தன்னவாசலுக்குச் சென்றோம். அறிவர் கோயிலின் தாமரைத் தடாக ஓவியம் உலகறிந்தது. அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. நம் அன்பர்களை ஈர்த்ததோ குன்றின் மறுபுறத்துக் குகை. பாறைச் சரிவில் கால்வைக்க வெட்டிய ஏழு குழிகளால் அதற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். இப்போது கம்பிப் பிடி இருப்பதால் மூத்தவரும் மெல்ல ஏறிவிட்டார். உள்ளே பதினேழு கற்படுக்கைகள். சமண முனிவர்கள் உடலை வருத்தி நோன்பு நோற்ற இடம். மென்மையை அவர்கள் நாடவில்லை. ஆயினும் ஒவ்வொரு படுக்கையும் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டு, தலைமாட்டில் தலையணைபோல் கல்லைச் சற்று உயர்த்திச் செதுக்கியிருப்பதைக் கண்டோம். எல்லாவற்றையும் துறந்தவருக்கும் தலையணை வேண்டியிருந்தது!

பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு மற்றொருவர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் செய்தி. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தது என்று அறிஞர்கள் கணித்துள்ளனர். தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, ஒருவர் மற்றொருவருக்குப் படுக்கை அமைத்துத் தந்தது பற்றியது என எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. இக்குன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இரவில் அங்கே தங்க இயலாது.

வழிப்போக்கனுக்கு இடம் தருவது இந்நாட்டில் ஓர் அறமாகவே இருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். இராமேசுவரம் செல்லும் வழியில் அத்தகைய சத்திரங்கள் பல இருந்தன. அவற்றைவிடப் பெரிய சத்திரம் வீட்டுத் திண்ணை. திண்ணையின் உயரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள்: காலைத் தொங்கவிட்டு உட்காரலாம், அப்படியே சாயலாம், விடியலில் வருத்தமின்றி எழலாம். முதியவருக்கென்றே அளந்து கட்டியதுபோல் அது இருந்தது. இப்போது கட்டும் வீடுகளில் திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு நிற்கிறது.

மாலையில் குளத்தூர்ப் பக்கம் திரும்பி, சாலையோரத் தோட்டம் ஒன்றில் உரிமையாளரிடம் அனுமதி கேட்டோம். கேளாமல் எங்கும் கூடாரம் அடிப்பதில்லை என்பது இவ்வன்பர்களின் நல்ல வழக்கம். தோட்டக்காரரின் தாயார் வந்து பார்த்தார். தரையில் விரித்த படுக்கைகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

“தரையில படுக்காதீங்க சாமி. ராத்திரியில பூச்சி பொட்டு நடமாடும்.”

இரவில் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். அவர் அஞ்சியது கட்டுவிரியனை. அது வீண் அச்சமன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கட்டுவிரியன் இரவில் இரைதேடும். தரையில் உறங்குவோரை அது தீண்டுவதே மிகுதி. கடி வலிப்பதில்லை, பல்லின் தடமும் சரியாகத் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலியும் கண்ணிமைச் சரிவும் கண்ட பின்னரே ஐயம் பிறக்கும். அப்போது கடிவாயைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வதே வழி. கட்டிலில் படுத்து, கொசுவலையின் விளிம்பை மெத்தைக்கடியில் நன்கு செருகிவிட்டால் கொசுவோடு இவ்வாபத்தும் பெரும்பாலும் விலகும். உயரமான படுக்கைக்கு இது மற்றொரு காரணம்.

நால்வரிடமும் நான்கு வகைப் படுக்கைகள் இருந்தன. இளையவரிடம் காற்றடைக்கும் மெத்தை. மடித்தால் ஒரு தண்ணீர்ப் புட்டி அளவே. அதனுள் நுரையும் வைத்து, வால்வைத் திறந்தால் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் வகையை, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், போயிங் விமான நிறுவனத்தில் வேலையிழந்த பொறியாளர்கள் உருவாக்கினார்களாம். பக்கவாட்டில் படுப்போருக்கு இது நல்லது. இடுப்பும் தோளும் நோகா. காற்றை விறைக்க விறைக்க அடைக்கலாகாது. ஒருக்களித்துப் படுக்கும்போது இடுப்பு தரையைத் தொடாத அளவே போதும். ஆனால் இந்த மாவட்டம் சீமைக்கருவேலின் மாவட்டம். ஒரு முள் போதும். நள்ளிரவில் அவர் மெத்தை தரையோடு தரையாகிவிட்டது.

இரண்டாமவர் நுரைப் பாயை நம்பியவர். முள் அதை ஒன்றும் செய்யாது, விலையும் குறைவு. கனம் ஒரு விரற்கடையளவே ஆதலால் எலும்பு துருத்தும் வயதில் அது மட்டும் போதாது. மூன்றாமவர் இரு மரங்களுக்கிடையே தூக்குப்படுக்கை கட்டினார். கொலம்பஸ் 1492இல் மேற்கிந்தியத் தீவு மக்களிடம் கண்ட தூளி இது. பின்னர் கப்பல் மாலுமிகளின் படுக்கையாயிற்று. நீளவாக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளையும். சற்றுக் குறுக்காகப் படுத்தால் ஏறக்குறைய நேராகும். நாற்காலி உயரத்தில் கட்டினால் இறங்குவதும் எளிது. முதுகுவலி உள்ளவர் வீட்டு மாமரத்தில் ஓரிரவு பழகிப் பார்த்தபின் எடுத்துச் செல்லட்டும். பனையடியில் மட்டும் கட்டவேண்டாம். மட்டையும் காயும் ஆள் பார்த்து விழுவதில்லை.

மூத்தவர் புதிதாக வாங்கி வந்தது மடக்குக் கட்டில். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு என்று பெருமையுடன் விரித்தார். உயரமோ ஒரு சாண்கூட இல்லை. அதிலிருந்து எழுவதும் தரையிலிருந்து எழுவதும் ஒன்றே. கடைகளில் எடை குறைந்ததே சிறந்தது என்று விற்கின்றனர். அது முதுகில் சுமந்து மலையேறும் இளைஞருக்குப் பொருந்தும். வண்டி சுமக்கும்போது இன்னும் நான்கைந்து கிலோவால் என்ன குறைந்துவிடும்?

அதற்குள் தோட்டக்காரர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் சுமந்து வந்து வேப்பமரத்தடியில் போட்டார். “ஐயா இதுல படுக்கட்டும்” என்றார். மூத்தவர் தயங்கித்தான் உட்கார்ந்தார். முழங்கால் உயரம்; கயிறு இறுக்கிக் கட்டப்பட்டிருந்ததால் நடுவில் குழி விழவில்லை. அதன்மேல் இரண்டாமவரின் மிகையான நுரைப் பாயை விரித்து, ஒரு சமுக்காளத்தைப் போட்டு, நான்கு மூலையிலும் கழி நட்டுக் கொசுவலை கட்டினோம். கட்டிலின் சிறப்பு அடியில் காற்று உலவுவது. பகலெல்லாம் காய்ந்த மண்ணின் சூடு மேலே ஏறாது. ஆனால் அதே காற்று கொடைக்கானலில் முதுகைச் சில்லிடச் செய்துவிடும். ஆகவே குளிர்நாட்டில் கட்டில்மேல் நுரைப் பாய் கட்டாயம் வேண்டும்.

சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைப்பது இவர்களுக்குள்ள கெட்ட வழக்கம். கழுத்துப் பிடித்துக்கொண்டால் மறுநாள் தலைக்கவசம் அணிந்து பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்க்க முடியாது. சிறிய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று என்ன இடத்தை அடைத்துக்கொள்ளும்? சித்தன்னவாசல் முனிவர்களை நினைவூட்டியதும் சிரித்தபடி ஒப்புக்கொண்டார்கள். டார்ச் விளக்கு கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். காலையில் காலணியைக் கவிழ்த்துத் தட்டியபின் அணியவேண்டும். தேள் அதனுள் புகுவதுண்டு. கூடாரம் தவழ்ந்து நுழைவதாக இல்லாமல், குனிந்தேனும் நின்றபடி நுழையத் தக்க உயரம் உடையதாக இருக்கட்டும்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்டு 29க்கு முன்பிருந்தே நடந்தும் வண்டியிலும் சாரைசாரையாகச் செல்லும் திருப்பயணிகளுக்கு, வழியிலுள்ள பங்குகள் பல, பள்ளித் தாழ்வாரத்தைத் திறந்து விடுகின்றன. அங்கும் எல்லோருக்கும் தரைதான். வகுப்பறைப் பெஞ்சுகள் இரண்டை இணைத்து, அசையாதபடி கட்டிவைத்தால், முதியவர் ஒருவர் படுக்க இடமாகும். செலவு ஒன்றுமில்லை. நம் பங்கில் இவ்வாண்டு பத்துப் படுக்கைகள் இவ்வாறு அமைக்க எண்ணியுள்ளோம்.

மறுநாள் காலை நாம் எழுந்தபோது மூத்தவர் முன்னரே எழுந்து, கட்டிலோரத்தில் கால் தொங்கவிட்டு, தோட்டக்காரரின் தாயார் தந்த நீராகாரத்தைப் பருகிக்கொண்டிருந்தார். இரவில் இருமுறை எழுந்தாராம். எவரையும் கை கொடுக்க அழைக்கவில்லை. கயிற்றுக் கட்டிலை வண்டியில் ஏற்ற முடியாதே என்று இளையவர் கேட்டதற்கு, அலுமினியக் கால்களோடு நாற்காலி உயரத்தில் மடக்குக் கட்டில் கிடைக்கிறது, எடை ஆறேழு கிலோ வரும் என்று மற்றவர் சொன்னார். மூத்தவர் எழுந்து சென்று தம் வண்டியின் கேரியரை முழம் போட்டு அளந்தார். கட்டிலை நீளவாக்கில் கட்டினால் பின்னிருக்கையில் ஆள் உட்கார முடியாது என்பது தெரிந்தது.

“அடுத்த தடவை சாமி நீங்க தம்பி வண்டியில வாங்க” என்றார்.