முள் மேலே ஏறினால்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். பெயின்ட் மாறியிருக்கிறதா என்று கதவோரங்களைத் தடவுவார்கள். பாட்டுப் போட்டுக் கேட்பார்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. உண்மையில் அந்தத் தண்ணீர்தான் வண்டியின் ஜாதகம். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருந்தால், வைத்திருந்தவர் முறையாகக் கூலன்ட் ஊற்றியிருக்கிறார். செம்மண் கரைசல் மாதிரி இருந்தால், கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றிக் காலம் தள்ளியிருக்கிறார்.

ஜாதகத்தைத் திருத்தி எழுதுகிறவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் புனேயில் நான் வாங்கிய காரில், மூடியைத் திறந்தபோது பளிச்சென்று பச்சை நிறம் தெரிந்தது. விற்பனைக்கு முதல் நாள் நிரப்பப்பட்ட பச்சை அது என்பது பின்னால்தான் தெரிய வந்தது. 2008-ல் தயாரான மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். விலை 90,000 ரூபாய்.

கார் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. என் மனைவிக்கு வேலை சாத்தாராவுக்கு மாறியிருந்தது. எனக்கும் பத்து வயது மகளுக்கும் புனே. இடையில் சுமார் 110 கிலோமீட்டர். சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது என்பதுதான் அந்த வருடங்களில் எங்கள் குடும்பம். கார் நின்றால் அந்த வாரம் குடும்பமும் இரண்டாக நிற்கும்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஷிர்வல் தாண்டி கம்பாட்கி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். சாத்தாராவிலிருந்து புனே வரும் வண்டிகளுக்கு அங்கே சுரங்கப்பாதை உண்டு. போகிற வண்டிகள் அப்போது மலையைச் சுற்றித்தான் ஏற வேண்டியிருந்தது. பாதி ஏற்றத்தில் வெப்ப முள் நடுவிலிருந்து நகர்ந்தது; இரண்டு வளைவுகளுக்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஏ.சி.யை அணைத்துவிட்டு, அந்த வெயிலில் ஹீட்டரை முழுவதுமாகத் திறந்தேன். மகள் என்னை விநோதமாகப் பார்த்தாள். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது நம் முகத்தில் வீசி வெளியேற்றும். முள் சற்று இறங்கியது. அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். பானெட்டைத் திறந்தபோது ஓவர்ஃப்ளோ பாட்டிலிலிருந்து புஸ்ஸென்று ஆவி.

உதவ வந்த ஒரு லாரிக்காரர் நல்ல எண்ணத்தில் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூடிக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது வைத்திய யாத்திரை. முதல் ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவி 700 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த வாரமும் அதே மலை, அதே முள். இரண்டாவது இடத்தில் ஃபேன் ஸ்விட்சை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 32,000 ஆகும்’ என்றார்கள். தண்ணீர் குறைகிறது, குமிழி வருகிறது என்பது ஆதாரம். காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ‘பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், நான் பஸ்ஸில் வந்து போகிறேன்’ என்றாள் மனைவி. அவள் பஸ்ஸில் வந்து போவது என்றால் மாதத்துக்கு ஒருமுறை என்று அர்த்தம்.

அப்போது நான் விவசாய டீசல் பம்ப்செட் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கூலன்ட் என்பதற்கு ‘குளிரூட்டி’ என்று எழுதிவிட்டு அடித்தேன். அந்தத் திரவம் எதையும் குளிரூட்டுவதில்லை. இன்ஜினில் சூட்டை ஏற்றிக்கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு மறுபடி வருகிறது. அது ஒரு சுமைகூலி. பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இப்படிச் சுமந்து வெளியே கொட்ட வேண்டியிருக்கிறது. இப்படிப் பார்த்தால் கேள்வியே மாறுகிறது. வண்டி ஏன் சூடாகிறது என்பதல்ல கேள்வி; இன்ஜின் என்றால் சூடாகத்தான் செய்யும். சூட்டைச் சுமந்து போகும் வழியில் எங்கே தடங்கல் என்பதுதான் கேள்வி.

இதையே வேறு வார்த்தைகளில் கேட்டவர் ஸ்வார்கேட் பக்கம் ஒரு சந்தில் சின்னப் பட்டறை வைத்திருந்த மராத்திக்காரர். அறுபது தாண்டியவர். என் மகள் அவரை ‘காகா’ என்று கூப்பிட்டாள், மராத்தியில் சித்தப்பா. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ‘எப்போது சூடாகிறது, சாஹேப்?’ என்றார். ‘சிக்னலில் நிற்கும்போதா, ஓடும்போதா, ஏறும்போதா?’

கேள்வி சாதாரணமாகத் தோன்றும். பாதி நோயறிதல் அதில் முடிந்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் குற்றவாளி ஃபேன். அதன் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று பார்க்க வேண்டும். கிளம்பிச் சில நிமிடங்களிலேயே ஏறினால், தண்ணீர் குறைந்திருக்கிறது அல்லது தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது. சமதரையில் சாதுவாக இருந்து ஏற்றத்தில் மட்டும் கொதித்தால், ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைபட்டிருக்கலாம், வாட்டர் பம்ப் தளர்ந்திருக்கலாம். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை வந்தாலோ, இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறினாலோ ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கினார். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சரியான வண்டியில் அந்த ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் திடீரென்று சூடாகும். எங்களுடையது முதலிலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பானது. கழற்றிப் பார்த்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி! முன்பு யாரோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். ‘இது குளிர்நாட்டுச் சாமான், நம் ஊர் வெயிலுக்கு எதற்கு’ என்பது இந்தியா முழுவதும் பட்டறைகளில் உலவும் வேதவாக்கு. அந்தக் குட்டி வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கிறது. அது இல்லாத இன்ஜின் காலையில் வெகு நேரம் குளிர்ந்தே ஓடி, அதிகப் பெட்ரோல் குடிக்கும். எங்கள் வண்டியின் மைலேஜ் ரகசியமும் அன்று வெளியானது.

புரியாத சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தை ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். படிக்கத் தடங்கல் இருக்காது. மூலத்தோடு வைத்துப் பார்த்தால்தான் எது போயிற்று என்று தெரியும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கியவர் அந்த ஜாதி.

அடுத்தது மூடி. ஒரு கைப்பம்பில் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். எங்கள் காரின் மூடி 0.9 பார் அழுத்தம் தாங்க வேண்டும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. எங்கள் மூடி பாதி அழுத்தத்துக்குள்ளேயே வாயைத் திறந்தது. தண்ணீர் குறைந்ததும் குமிழி வந்ததும் இதனால்தான். பிறகு ரேடியேட்டரின் மீது தெர்மாமீட்டர் துப்பாக்கியை ஓட்டினார். மேலே 85, கீழே பல இடங்களில் 50-க்கும் குறைவு. பல வருட போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு, கெட்டில் அடியில் படிவதுபோல உள்குழாய்களில் படிந்து பாதியை அடைத்திருந்தது. வெளியே பீய்ச்சிக் கழுவியதால் என்ன பயன்?

கடைசியாகத்தான் 32,000 ரூபாய்க் கேள்வி. நீலத் திரவம் கொண்ட ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டார். எரிந்த வாயு தண்ணீரில் கசிந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் மூவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் நீலமாகவே இருந்தது.

நானா பேட்டைக்குப் போய் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி வாங்கினேன். கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினார். காற்று வெளியேறும்வரை இன்ஜினை ஓடவிட்டார். கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், ஆனால் விஷம். சிந்தியதைத் தெரு நாய் நக்காதபடி அவரே கழுவிவிட்டார். கூலியோடு எல்லாமாக 5,200 ரூபாய்.

கார் வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குப் படும் பாடு காரின் வயதுடையது. 1888-ல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, புனே - சாத்தாரா அளவு தூரம், மூன்று சக்கர மோட்டார் வண்டியை ஓட்டிப் போனார். அந்த இன்ஜினில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் கிடைத்த இடத்தில் நிரப்பிக்கொண்டே போனார். தண்ணீரை வீணாக்காமல் சுற்றவைக்கும் நல்ல ரேடியேட்டர் வர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின. நூற்று முப்பது வருடங்களுக்குப் பிறகும் கம்பாட்கி ஏற்றத்தில் விடுமுறை நாட்களில் பானெட்டைத் திறந்து வைத்து வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கார் இன்னும் எங்களிடம் இருக்கிறது. 2022-ல் மனைவிக்கு மாற்றல் கிடைத்தது. 2023-ல் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பித்தோம். டாஷ்போர்டு அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, என்ன கூலன்ட் ஊற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறது. சில பக்கங்கள் மகளின் கையெழுத்தில். தெர்மோஸ்டாட் என்ற சொல்லுக்குக் கீழே அவள் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். இந்தக் காரை அடுத்து வாங்குகிறவர் யாராக இருந்தாலும், சாவியோடு இந்த நோட்டும் அவருக்குப் போகும்.