பலகையின் அடிப்பக்கம்

அலைச்சறுக்குப் பலகை வாங்குகிறவர்கள் நீளம் பார்ப்பார்கள், கனம் பார்ப்பார்கள், நிறத்துக்காகக்கூட ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுப்பார்கள். என் மனம் அதன் அடிப்பக்கத்தில்தான் போய் ஒட்டிக்கொண்டது. வால்முனையை ஒட்டி, மீன்துடுப்புபோல மூன்று ஃபின்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. நடுவில் இருப்பதற்கு இரண்டு பக்கமும் ஒரே வளைவு. ஓரத்து இரண்டும் அப்படியல்ல; வெளிப்பக்கம் உப்பியிருக்கும், உள்பக்கம் தட்டை. அவற்றின் முன்முனை பலகையின் நடுக்கோட்டைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பியிருக்கும், நுனி வெளியே சாய்ந்திருக்கும். இவ்வளவு யோசித்து வைத்த ஒரு பொருளை விட்டுவிட்டு நிறத்தைப் பார்ப்பானேன்?

பலகை இப்போது காரைக்குடி செக்காலையில், எங்கள் வீட்டுப் பட்டகசாலையில், பர்மா தேக்குத் தூணில் சாய்ந்து நிற்கிறது. எதிர்வீட்டு ஆச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏந் தம்பி, ஏழடிப் பலகைக்கு மெதக்கத் தெரியாதா? இந்தத் துண்டெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஹவாய்த் தீவுக்காரர்கள் பல நூற்றாண்டுகள் இந்தத் துண்டுகள் இல்லாமல்தான் அலையேறினார்கள். திரும்ப வேண்டுமானால் காலைத் தண்ணீரில் இழுத்துத் திருப்பினார்கள். அலை செங்குத்தானால் பலகையின் வால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். 1935இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், கைவிடப்பட்ட ஒரு விசைப்படகின் அடியிலிருந்து சுமார் ஓரடி நீளத் தகடு ஒன்றைக் கழற்றித் தம் பலகையில் பொருத்தி வைகிகியில் இறங்கினார். வால் வழுக்குவது நின்றது. ஃபினின் கதை அங்கே தொடங்குகிறது.

ஃபின் தானாகப் பலகையைத் தள்ளுவதில்லை. பலகை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. சாய்ந்து திரும்பும்போது தண்ணீர் அதன்மேல் ஒரு கோணத்தில் மோதுகிறது. அந்த மோதலை உந்துதலாக மாற்றிக் கொடுக்கிறது அந்த வளைவு. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். சென்னை அருகே கோவளத்து முனையில், கழற்றி மாட்டிப் பார்த்தபோதுதான் என் கால்களுக்குப் புரிந்தது. மூன்றும் ஒரே அளவில் இருந்தபோது பலகை உறுதியாக நின்றது. பழைய நீளப் பலகையிலிருந்து வந்த எனக்கு அந்த உறுதி வேண்டியிருந்தது. நடுவில் இருப்பதைக் கழற்றியதும் அதே பலகை வேறு பலகை ஆயிற்று. வேகம் கூடியது, சின்ன அலையில்கூட ஓடியது, ஆனால் திரும்புகிற இடத்தில் வால் கையை உதறிக்கொண்டு போகும் பிள்ளைபோல் நழுவியது. நடுவில் சிறிய ஒன்றை மாட்டியதும் ஓட்டமும் பிடிப்பும் சேர்ந்து கிடைத்தன. என் எடைக்கும் அந்த அலைக்கும் அதுதான் பொருந்துகிறது. ஓங்கிய அலை வரும் நாளில் பெரியதையே மாட்டுவேன்.

மூன்று ஃபின் என்ற அமைப்பைத் தந்தவர் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன். ஆள் நல்ல உயரம், நல்ல கனம். அந்நாளில் எல்லோரும் கொண்டாடிய இரட்டை ஃபின் பலகை அவர் காலடியில் நிலைகொள்ளவில்லை. 1980இல் ஒரே அளவில் மூன்றை வைத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டே பெல்ஸ் கடற்கரைப் போட்டியில், பேரலைகளில், அந்தப் பலகையில் வென்றார். காப்புரிமை வாங்கவே இல்லை. இன்று உலகெங்கும் ஓடும் பலகைகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பில்தான் ஓடுகின்றன. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆனால் பிளேக்குக்கும் ஆண்டர்சனுக்கும் வெகு காலம் முன்பே நம் கடற்கரைக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கட்டுமரத்தை இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறாரே என்று வியந்து, அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கோலா மீன் பிடிக்க நாகப்பட்டினம் பக்கம் கட்டிய கோலாமரம் பற்றிச் சொல்கிறார். சாதாரணக் கட்டுமரத்துக்கு மூன்று நான்கு மரங்கள் போதும், கோலாமரத்துக்கு ஏழு. பாய் விரித்து, கரை கண்ணுக்கு மறையும் தொலைவுவரை போவார்கள். பாய் விரித்த கட்டுமரம் காற்றடிக்கிற பக்கமெல்லாம் ஒதுங்கிவிடுமே! அதற்கு மரத்தை ஒட்டி ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். காற்றையும் போகிற திசையையும் பார்த்து, ஆழமாக இறக்கலாம், கொஞ்சம் தூக்கலாம், முழுக்க எடுத்தும் விடலாம். திருகாணி இல்லை, ஆலன் கீ இல்லை, ஓடும்போதே, கையாலேயே. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் காயப்போடுவார்கள், ஊறிய மரம் கனக்கும் என்பதால். மறுநாள் மறுபடி கட்டுவார்கள். தினமும் பிரித்து தினமும் பொருத்தின கலம் அது. அலை உடைகிற இடத்தில் அதை நின்றுகொண்டே ஓட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பலகையில் நிற்கிறார்கள். மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012இல் கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார்.

எங்களுக்குப் பக்கத்துக் கடல் தொண்டி. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் வந்துவிடும். ஆனால் இலங்கை குறுக்கே படுத்திருப்பதால் பாக் நீரிணையில் பேரலை எழாது. தொண்டிக் கடல் குளம்போலக் கிடக்கும். ஆகவே ரயிலேறி வடக்கே போய்த்தான் ஆக வேண்டும். திரும்பி வந்ததும் ஃபின் திருகாணிகளை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்பதைக் காரைக்குடிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை; 1953 முதல் இங்கே இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் பெரிய வேலைகளில் ஒன்றே அரிமானம்தான்.

புதுப் பலகை வாங்கும் தம்பி தங்கைகளுக்கு: ஒரு நேரத்தில் ஒரு ஃபினை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது குப்பங்களில் ஃபைபர் படகுதான் எங்கும். பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய ஐயாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தக் காற்றுக்கு அந்தப் பலகையை எவ்வளவு இறக்கினீர்கள் என்று அவர்களிடம் போய்க் கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள்.