சலிப்பு என்று எதைச் சொல்கிறோம்?

2025 ஆகஸ்ட் 16 அன்று சிகாகோவின் யுனைடெட் சென்டர் அரங்கில் கலப்புச் சண்டைக் கலைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சியின் மிடில்வெயிட் பட்டம் கைமாறியது. தென்னாப்பிரிக்காவின் டிரிக்கஸ் டு பிளெஸ்ஸியிடம் இருந்த பட்டத்தை, செச்னியாவில் பிறந்து ஸ்வீடனில் மல்யுத்த வீரராகப் பெயரெடுத்த கம்சாத் சிமாயேவ் பறித்துக்கொண்டார். ஐந்து சுற்று, 25 நிமிடம். அதில் 21 நிமிடம் 40 வினாடி டு பிளெஸ்ஸி எதிராளியின் பிடிக்குள்ளேயே கிடந்தார். பன்னிரண்டு முறை தரையில் சாய்க்கப்பட்டார். மதிப்பெண் போட்ட மூவரும் 50-44 என்று ஒரே கணக்கை எழுதினார்கள். யார் வென்றார் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஐயமே இல்லாத இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு சாரார் இதைத் தரைப்பிடிக் கலையின் உச்சம் என்றார்கள். இன்னொரு சாரார், கொட்டாவி விடவைத்த ஆட்டம், மேலே படுத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்ததற்குப் பட்டமா என்று கேட்டார்கள். இந்த இரண்டாம் தரப்பின் குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்கள் எதைச் சலிப்பு என்கிறார்கள் என்று நுணுகிப் பார்த்தால், அந்தச் சொல்லுக்குள் நாம் வெளியே சொல்லாத ஓர் ஆசை ஒளிந்திருப்பது தெரியும்.

முதலில் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பட்டப் போட்டி என்பது 'இந்த எடையில் இன்று யார் சிறந்தவர்' என்ற கேள்விக்கு விடை தேடுகிறது. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர் 'பார்க்க நன்றாக இருந்ததா' என்று கேட்கிறார். இருவரும் சமபலமாக மோதும்போது இரண்டு கேள்விக்கும் ஒரே ஆட்டம் விடை தந்துவிடும். ஒருதலையாகப் போகும்போது முதல் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைக்கிறது, இரண்டாவது கேள்வி பட்டினி கிடக்கிறது. அந்தப் பசியில், வென்றவரின் தகுதியையே குறை சொல்கிறோம். டு பிளெஸ்ஸி சாதாரண ஆள் அல்லர் என்பதையும் மறந்துவிடுகிறோம். அதுவரை யுஎஃப்சியில் தோல்வியே காணாதவர். ராபர்ட் விட்டேக்கர், ஷான் ஸ்ட்ரிக்லண்ட், இஸ்ரேல் அடேசான்யா என்று மூன்று முன்னணி வீரர்களை வீழ்த்தியவர். கோணல்மாணலாக அடித்து, எதிராளியைச் சோர்வடையவைத்து, பின்பாதியில் மேலேறி வருவது அவர் வழி. அடேசான்யாவை அப்படித்தான் நான்காம் சுற்றில் சரணடைய வைத்தார். அப்படிப்பட்ட ஒருவரை ஒன்றும் செய்யவிடாமல் வைத்திருப்பது தானாக நடந்துவிடுகிற காரியமல்ல.

எப்படி நடந்தது என்பதை முதல் சுற்றிலேயே பார்க்கலாம். மணி அடித்ததும் சிமாயேவ் பாய்ந்து காலைப் பிடித்தார். டு பிளெஸ்ஸி தரைக்குப் போனார். சற்று நேரத்தில் சிலுவைப்பிடி விழுந்தது. மல்லாந்து கிடப்பவரின் ஒரு கையை மேலே இருப்பவர் தன் இரு கால்களுக்கு இடையில் மடக்கிச் சிக்கவைப்பார். மறுபக்கக் கையைத் தன் கையாலும் உடல் எடையாலும் அழுத்திக்கொள்வார். கீழே இருப்பவர் சிலுவையில் அறையப்பட்டவர் போல இரு கைகளும் விரிந்து கிடப்பார். முகத்தை மறைக்கக் கை இருக்காது. இந்த நிலையில் சிமாயேவின் ஒரு கை விடுதலையாக இருந்தது. அந்தக் கையால் சின்னச் சின்னக் குத்துகளை விடாமல் இறக்கிக்கொண்டே இருந்தார். டு பிளெஸ்ஸி இடுப்பை உயர்த்தினால் எடை அங்கே நகர்ந்தது. தோளைத் திருப்பினால் பிடி இன்னும் இறுகியது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு இருவரும் அசையாமல் கிடப்பது போலத் தோன்றும். உண்மையில் ஒருவர் தப்ப முயல்கிறார், மற்றவர் அந்த முயற்சியைத் தொடங்குமிடத்திலேயே அணைத்துவிடுகிறார். அணைந்த முயற்சி கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இங்கே எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று வருகிறது. புள்ளிவிவரக் கணக்குப்படி சிமாயேவ் போட்ட அடிகள் மொத்தம் 529. டு பிளெஸ்ஸி திருப்பிக் கொடுத்தவை ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த 529-இல் 'குறிப்பிடத்தக்க அடி' என்று எண்ணப்பட்டவை நாற்பதுக்கும் குறைவு. எட்ட நின்று விழும் அடிகள் எல்லாம் குறிப்பிடத்தக்க அடிகளாக எண்ணப்படும். கட்டிப் பிடித்த நிலையிலும் தரையிலும் பலமாக விழுபவை மட்டுமே அந்தக் கணக்கில் சேரும். அப்படியானால் ஐந்நூற்றுச் சொச்சம் அடியில் பெரும்பாலானவை தட்டல்தானே, காயப்படுத்தாத அடிக்கு எதற்கு மதிப்பு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மதிப்பெண் போட்டவர்களும் அதை மதித்ததாகவே தெரிகிறது. ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்பது வழக்கம். தாக்கத்தாலும் ஆதிக்கத்தாலும் அந்த ஆதிக்கம் நீடித்த நேரத்தாலும் ஒருவர் நொறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே 10-8 போடுவார்கள். 50-44 என்றால் ஐந்து சுற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் 10-8. இருபத்தொரு நிமிடக் கட்டுப்பாட்டைப் பார்த்தும் மற்ற நான்கு சுற்றுகளுக்குச் சாதாரண வெற்றி மதிப்பெண்தான் கிடைத்தது. தட்டலுக்கு நொறுக்கலின் விலை கொடுக்கப்படவில்லை. ஆனால் சுற்றை யாருக்குக் கொடுப்பது என்று வரும்போது, ஒருவர் கொஞ்சம் செய்தார், மற்றவரால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. அந்த ஒப்பீட்டில் வேறு விடைக்கு வழியே இல்லை.

தரையில் கிடக்கும் சண்டை மீதான இந்தப் பொறுமையின்மை இன்று நேற்று வந்ததல்ல. இந்த விளையாட்டு பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1994 டிசம்பரில் டல்சா நகரில் நடந்த நான்காவது யுஎஃப்சியின் இறுதிப் போட்டியில், மெலிந்த உடல்வாகு கொண்ட ராய்ஸ் கிரேசி, தன்னைவிட மிகக் கனமான மல்யுத்த வீரர் டான் செவர்னுக்கு அடியில் கால்மணி நேரத்துக்கும் மேல் கிடந்தார். கடைசியில் அடியில் கிடந்தபடியே கால்களால் கழுத்தைப் பூட்டிச் சரணடைய வைத்தார். ஆனால் கட்டண ஒளிபரப்புக்கு ஒதுக்கிய நேரம் அதற்குள் முடிந்துவிட்டதால், வீட்டில் காசு கட்டி உட்கார்ந்திருந்த பலர் அந்த முடிவைப் பார்க்கவே இல்லை. அடுத்த போட்டியிலேயே நேர வரம்பு வந்தது. அதிலும் கிரேசியும் கென் ஷாம்ராக்கும் 36 நிமிடம் கட்டிப் பிடித்துக் கிடந்து சமனில் முடித்தார்கள். பிறகு, தரையில் ஒன்றும் நடக்காவிட்டால் இருவரையும் எழுப்பி நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு வந்தது. பின்னர் சுற்றுகளும் வந்தன. அதாவது பார்வையாளரின் சலிப்புக்காக இந்த விளையாட்டு ஏற்கெனவே பலமுறை வளைந்து கொடுத்திருக்கிறது. இன்றைய சட்டத்தில் ஒவ்வொரு சுற்றும் நின்ற நிலையில்தான் தொடங்குகிறது. சிகாகோவில் டு பிளெஸ்ஸிக்கு அப்படி ஐந்து புதிய தொடக்கங்கள் கிடைத்தன. ஐந்து முறையும் அவரைத் திரும்பத் தரைக்குக் கொண்டுபோனது சிமாயேவின் திறமை. அதைச் சட்டத்தின் ஓட்டை என்பது சரியாகாது.

இனி, ஒருதலையாக முடிந்த வேறு பட்டப் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். 2018 டிசம்பரில் டொரொன்டோவில் மேக்ஸ் ஹாலோவே, பிரையன் ஒர்டேகாவைச் சந்தித்தார். நான்கு சுற்றுகளில் 290 குறிப்பிடத்தக்க அடிகள். ஒர்டேகாவின் கண் வீங்கி மூடிக்கொண்டது. ஐந்தாம் சுற்றுக்கு அனுப்ப மருத்துவர் மறுத்துவிட்டார். 2012 டிசம்பரில் லாஸ் வேகாஸில் கெய்ன் வெலாஸ்கெஸ், ஜூனியர் டோஸ் சாண்டோஸை ஐந்து சுற்றும் துரத்தித் துரத்தி அடித்தார். முடிவில் தோற்றவரின் முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு உருமாறியிருந்தது. இவையும் சிகாகோ ஆட்டத்தைப் போலவே ஒருதலைதான். ஆனால் இவற்றை யாரும் சலிப்பு என்று சொன்னதில்லை. இன்றும் ரசிகர்கள் இவற்றை உச்ச ஆட்டங்கள் என்று சிலாகிக்கிறார்கள். யார் வெல்வார் என்ற ஐயம் இந்த ஆட்டங்களிலும் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. எனவே ஆட்டம் ஒருதலையாகப் போனது சலிப்புக்குக் காரணமாக இருக்க முடியாது. வேறுபாடு ஒன்றே ஒன்று: இவற்றில் இரத்தமும் வீக்கமும் இருந்தன, சிகாகோவில் இல்லை. நாம் சலிப்பு என்று பெயரிடுவது பல சமயங்களில் காயம் இல்லாமையைத்தான். இதைச் சொல்வதால் ஹாலோவேயின் ஆட்டத்தின் அழகு குறைந்துவிடாது. அவருடைய தொடர் குத்துகளின் துல்லியம் உண்மையானது. ஆனால் அந்த அழகை ரசிக்கும்போது அதன் விலையை இன்னொருவர் உடம்பு கட்டியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிமாயேவிடம் தோற்ற டு பிளெஸ்ஸி, தன்னைவிடச் சிறந்தவரிடம் தோற்றதை ஒப்புக்கொண்டு, தன் காலில் நடந்து வெளியேறினார். 25 நிமிடம் ஆதிக்கம் செய்யப்பட்ட ஒருவருக்கு இதைவிட நல்ல முடிவு எது?

இதற்கும் மறுப்பு உண்டு. இது சண்டை விளையாட்டு, காயத்துக்கு ஒப்புக்கொண்டுதான் கூண்டுக்குள் போகிறார்கள், ஆட்டத்தை முடித்துவைக்க முயல்வது சாம்பியனின் கடமை, இவ்வளவு பிடி கிடைத்தும் முடிக்காதவர் பாதுகாப்பாக விளையாடினார் என்றுதானே அர்த்தம் என்பார்கள். இதில் பாதி உண்மை. சிலுவைப்பிடியில் முகம் திறந்து கிடக்கும்போது இன்னும் பலமாக அடித்திருக்கலாம். அதைச் செய்யாதது விமர்சனத்துக்கு உரியதே. முடிப்பதற்கு முயன்றிருந்தால் இந்த வெற்றி இன்னும் பெரியதாகியிருக்கும். ஆனால் முடிக்க முயல்வதற்கு விலை உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். ஓங்கி அடிக்க மேலே இருப்பவர் உடலை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்த இடத்தில் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் கீழே இருப்பவரின் இடுப்பு நழுவும். சிமாயேவ் அதற்கு முன் ஐந்து சுற்று ஆடியதே இல்லை. மூன்று சுற்று ஆட்டங்களிலேயே பின்பாதியில் அவர் மூச்சுத் தளர்கிறார் என்ற பேச்சு நெடுநாளாக இருந்தது. எதிரே நிற்பவரோ நீண்ட ஆட்டத்தில் வளரும் ஆள். இப்படிப்பட்ட இரவில் கையின் வேகத்தைக் குறைத்துப் பிடியின் இறுக்கத்தைக் காத்தது கோழைத்தனம் ஆகாது, தன் பலவீனத்தை அறிந்தவரின் கணக்கு. ஆட்டத்தைச் சுவையாக்கும் பொறுப்பு வென்றவருக்கு மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். காலைப் பிடிக்க வருபவரைத் தடுப்பதும், விழுந்தால் எழுவதும் கீழே கிடந்தவரின் வேலை. அந்த வேலையை அவரால் செய்ய முடியவில்லை. அந்தக் குறைக்கு மேலே இருந்தவரைத் திட்டுவதில் நியாயமில்லை.

ஒருதலையாகப் போகும் ஆட்டம் பாதியிலேயே முடிந்துவிட்டது, மிச்சம் வெறும் சடங்கு என்ற எண்ணமும் தவறு. 2010 ஆகஸ்டில் ஓக்லண்டில் சேல் சோனன், அன்று யாராலும் வெல்ல முடியாதவராக இருந்த ஆண்டர்சன் சில்வாவை நான்கு சுற்றுக்கும் மேலாகத் தரையில் போட்டு அமுக்கினார். சிகாகோவைப் போலவே கிடத்தல், அழுத்தல், குத்தல். ஐந்தாம் சுற்றில் இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது, அடியில் கிடந்த சில்வா கால்களை வீசிக் கழுத்தையும் கையையும் சேர்த்துப் பூட்டினார். சோனன் சரணடைந்தார். இருபத்து மூன்று நிமிட ஆதிக்கம் ஒரு கையின் தவறான இடத்தால் வீணானது. அந்த ஆட்டம் இன்று காவியமாகப் பேசப்படுகிறது. அதே ஆட்டத்தில் சோனன் அந்தத் தவறைச் செய்யாமல் இருந்திருந்தால்? அதையும் படுத்துக்கிடந்த ஆட்டம் என்றுதான் சொல்லியிருப்போம். தவறு நடந்தால் காவியம், தவறே நடக்காவிட்டால் சலிப்பு என்பது வினோதமான அளவுகோல். தவறு செய்யாமலிருப்பதுதான் இந்தக் கலையில் மிகக் கடினமான காரியம். பிடி நழுவும்போது மட்டும் கண் விழித்துப் பார்ப்பவருக்குப் பிடி நின்ற நேரத்தின் உழைப்பு தெரியாது.

சிகாகோவில் அந்த உழைப்பைக் காட்டியது சிமாயேவ் அல்ல, டு பிளெஸ்ஸிதான். ஐந்தாம் சுற்றின் கடைசிப் பகுதியில் பிடி தளர்ந்தபோது அவர் முதல்முறையாக மேலே வந்தார். எதிராளியின் கழுத்தைப் பிடிக்கப் பார்த்தார். அரங்கம் எழுந்தது. நேரம் போதாமல் போனது. சலிப்பு என்றவர்கள், ஆட்டம் முழுவதும் இப்படி இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கியது அந்தக் கணத்துக்காகத்தான். அந்தக் கணத்தையே இன்னொரு பக்கமிருந்து பார்க்கலாம். சில வினாடி விடுதலைக்கே ஒரு பட்டம் ஆட்டம் காண்கிறது என்றால், அந்த விடுதலையை 21 நிமிடம் 40 வினாடி மறுத்து வைத்திருந்த பிடியின் எடை எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! அந்த எடையை உணர்ந்தபின் ஆட்டத்தை மீண்டும் முதல் சுற்றிலிருந்து போட்டுப் பார்க்கும் ரசிகருக்கு, அசையாமல் கிடந்த இரண்டு உடல்களுக்கு நடுவே ஒரு முழுச் சண்டையே நடந்துகொண்டிருந்தது தெரியவரும்.