எல்லையில் நின்ற கார்

2024ஆம் ஆண்டு ஜூன் விடுமுறையில், ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த காரில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தை நோக்கிச் சென்றோம். முன்கண்ணாடியில் பச்சை நிற ஒட்டுவில்லை ஒன்று இருந்தது. "இது போதும்," என்றார் அப்பா.

எல்லை நகரமான கேலில் காப்பி குடிக்க நின்றபோதுதான் அக்கா கைப்பேசியில் விதிகளைப் படித்தார். அந்தப் பச்சை வில்லை ஜெர்மனியில் மட்டுமே செல்லுமாம். ஸ்ட்ராஸ்பர்க்கின் குறைந்த மாசு வட்டாரத்திற்குள் ஓட்ட, வெளிநாட்டுக் காருக்கும் அப்போது 'கிரிட்ஏர்' வில்லை வேண்டியிருந்தது. காரின் எரிபொருளையும் வயதையும் பொறுத்து அதன் நிறம் மாறும். விலை சில யூரோதான். ஆனால், அஞ்சலில்தான் வரும். பிடிபட்டால் அப்போது 68 யூரோ அபராதம்.

"ஒருநாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று அப்பா முணுமுணுத்தார்.

தம்பி எதுவும் பேசவில்லை. அவன் பையில் ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் எப்போதும் இருக்கும். 2019ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது அவன் இரவெல்லாம் இருமியது எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்க வேண்டும். காரை அங்கேயே நிறுத்திவிட்டார்.

ரைன் ஆற்றைக் கடந்து செல்லும் டிராமில் ஏறினோம். தேவாலயத்தின் 142 மீட்டர் உயரக் கோபுரத்தை முதலில் பார்த்தவர் அப்பாதான். கார் ஓட்டியிருந்தால் சாலையைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார்!